பந்தின் தடம் துளைகளுக்கு நடுவே செல்கிறது: லேனில் எந்தக் கோட்டைப் பிடித்து ஆடுவது?

அஸ்தம்பட்டி ரோலர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வலது கையால் டென்பின் பௌலிங் (பந்தை உருட்டி, 'பின்' எனும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு) ஆடுகிறேன். வார நாட்களில் சேலத்தில் ஒரு பொழுதுபோக்கு வளாகத்திலுள்ள லேனில் (பந்து உருளும் நீண்ட பாதையில்) பழகுகிறேன்; வாய்ப்புக் கிடைக்கும்போது நண்பருடன் பெங்களூரு சென்று, முறையாக எண்ணெய் இட்ட லேன்களில் ஆடுகிறேன்.

என்னுடைய பிளாஸ்டிக் பந்தில் படியும் எண்ணெய் வளையம், கட்டைவிரல் துளைக்கும் மற்ற இரு விரல்களின் துளைகளுக்கும் நடுவே, பந்தை இரு சம பாதிகளாக வெட்டுவது போலச் செல்கிறது. நண்பரின் பந்தில் அதே வளையம் எல்லாத் துளைகளுக்கும் இடப்புறமாக, கட்டைவிரல் துளையிலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குலம் தள்ளி அமைகிறது. இருவரும் வலப்புறமிருந்து இரண்டாவது ஆரோவை (லேனிலுள்ள அம்புக்குறியை) குறிவைத்து, ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் வீசுகிறோம். அவருடைய பந்து வலப்புறம் நன்றாக விலகிச் சென்று, கடைசியில் கூர்மையாகத் திரும்பிப் பாக்கெட்டில் (முதல், மூன்றாம் பின்களுக்கு இடையிலுள்ள இடத்தில்) நுழைகிறது. என்னுடையது பாதி வழியிலேயே உருளத் தொடங்கி, பாக்கெட்டைத் தொட்டாலும் வலக்கோடியில் நிற்கும் பத்தாம் பின்னை அடிக்கடி விட்டுவிடுகிறது.

அண்மையில் பெங்களூருவில் ரியாக்டிவ் ரெசின் பந்து (லேனை நன்றாகப் பற்றும் மேற்பரப்புள்ள பந்து) ஒன்றை வாங்கி, வழக்கமான முறையில் துளையிட்டுக் கொண்டேன். அது லேனில் உருளும்போது "டக் டக்" என்று ஒலிக்கிறது. பந்தின் தடம், அதாவது அந்த எண்ணெய் வளையம், உருளலை எப்படி மாற்றுகிறது, அதற்கேற்ப நான் எங்கே நின்று எதைக் குறிவைக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சேர்வராயன் (பதில்):

தம்பி, கேள்வியைத் தெளிவாகக் கேட்டிருக்கிறீர்கள். ஏற்காட்டுக்கு வந்து குடியேறுவதற்கு முன் பல ஆண்டுகள் பெங்களூருவில் லீக் ஆட்டங்கள் ஆடியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீங்கள் விவரிப்பது ஃபுல் ரோலர் தடம். உங்கள் நண்பருடையது செமி ரோலர். இன்று பெரும்பாலான ஆட்டக்காரர்களின் தடம் இதுதான். வளையம் துளைகளை விட்டு வெகுவாக விலகிச் சிறிய வட்டமாகச் சுருங்கினால் அது ஸ்பின்னர். அந்த வகையின் கடைக்கோடியில், தைவான் ஆட்டக்காரர்களால் பெயர் பெற்ற ஹெலிகாப்டர் வீச்சு இருக்கிறது. அதில் எடை குறைந்த பந்து ஏறத்தாழச் செங்குத்தான அச்சில் சுழன்றபடியே சென்று பின்களில் பட்டு விலகுகிறது.

இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு அச்சின் சாய்வில்தான் இருக்கிறது. பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 27 அங்குலம். ஃபுல் ரோலரின் சுழலச்சு தரைக்கு இணையாகக் கிடப்பதால், பந்து தன் முழுச் சுற்றளவாலும் உருளுகிறது. அதாவது, அச்சு முனையிலிருந்து (சுழலச்சு பந்தின் பரப்பைத் தொடும் புள்ளியிலிருந்து) தடம் வரையுள்ள தூரம் சுற்றளவில் கால் பங்கான 6.75 அங்குலமாக இருக்கும், சாய்வு சுழியமாகும். நண்பரின் பந்தில் அந்தத் தூரம் 5.5 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், குறைந்த 1.25 அங்குலத்துக்கு ஈடான சாய்வு ஏறத்தாழ 17 பாகை. தூரம் 3.75 அங்குலமாகச் சுருங்கினால் சாய்வு 40 பாகை ஆகிவிடும். அளப்பதற்குப் பிளாஸ்டிக் பந்தே ஏற்றது. அதில் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுவதால் குழப்பம் வராது.

சாய்ந்த அச்சுள்ள பந்தில் சுழற்சியின் ஒரு பங்கு பம்பரத்தைப் போல நின்ற இடத்தில் சுற்றும் சுழற்சி. அந்தப் பங்கை லேனின் உராய்வால் விரைவில் பிடிக்க முடியாது. ஆகவே பந்து நெடுந்தூரம் வழுக்கிச் சென்று, பின்னரே திரும்புகிறது. உங்கள் பந்தில் அந்தப் பங்கே இல்லை. உராய்வு கிடைத்தவுடன் அது உருளும் நிலைக்கு வந்துவிடுகிறது. வழுக்கல், திரும்பல், உருளல் என்ற மூன்று கட்டங்களும் எல்லாப் பந்துக்கும் உண்டு. உங்களுக்கு முதல் கட்டம் குறுகியது, அவ்வளவே.

ஃபுல் ரோலர் திரும்பாது என்று சிலர் சொல்வார்கள், அது சரியன்று. எவ்வளவு திரும்பும் என்பதை, அச்சு பக்கவாட்டில் எத்தனை பாகை திருப்பப்பட்டிருக்கிறது என்பதும், கை கொடுக்கும் சுழற்சியின் எண்ணிக்கையும், வேகமும், பந்தின் மேற்பரப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சாய்வு முக்கியமாக மாற்றுவது அந்தத் திரும்பல் எங்கே தொடங்குகிறது என்பதைத்தான்.

இனி லேனுக்கு வருவோம். ஃபவுல் லைனிலிருந்து (வீசுபவர் தாண்டக்கூடாத கோட்டிலிருந்து) முதல் பின் வரை 60 அடி. அகலத்தை வலப்புறமிருந்து 39 போர்டுகளாக (நீளவாட்டுப் பலகைகளாக) எண்ணுவது வழக்கம். பொதுவான எண்ணெய் அமைப்பு ஏறத்தாழ 40 அடி நீளத்துக்கு, நடுவில் அடர்த்தியாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் இடப்படுகிறது. கடைசி 20 அடி உலர்ந்திருக்கும். உங்கள் நண்பரின் பந்து ஓரத்து உலர்ந்த போர்டுகளுக்குச் செல்லும்போதும் தன் ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கிறது. நீங்கள் அதே கோட்டில் அதே அளவு வெளியே வீசும்போது, ஓரத்து உராய்வு உங்கள் பந்தை முன்னதாகவே பிடித்துவிடுகிறது. திருப்பம் முழுவதும் செலவான பிறகு பந்து வெறுமனே உருண்டு வருகிறது. இதைத்தான் ரோல் அவுட் என்கிறோம். பாக்கெட்டில் ஏறத்தாழ 6 பாகைக் கோணத்தில் நுழையும் பந்துதான் நன்றாகச் சாய்க்கும். ரோல் அவுட் ஆன பந்து அதைவிடத் தட்டையாக நுழைந்து, பின்களில் பட்டதும் வலப்புறம் விலகுகிறது. அடுத்த முறை, பத்தாம் பின்னுக்குச் சற்று முன்னால் இடப்புறம் நிற்கும் ஆறாம் பின்னைக் கவனியுங்கள். அது பத்தாம் பின்னைத் தொடாமல் சோர்வாக லேனோரக் கால்வாயில் விழுந்தால், காரணம் இதுவே என்று உறுதி செய்துகொள்ளலாம்.

ஆகவே நண்பரின் கோட்டைக் கைவிடுங்கள். அதே இரண்டாவது ஆரோவை வைத்துக்கொண்டு, நிற்கும் இடத்தை வலப்புறம் நகர்த்துங்கள்; பந்து வெளியே போய்த் திரும்பாமல், பாக்கெட்டை நோக்கி ஏறத்தாழ நேராகவே செல்லட்டும். எண்ணெயின் நீளத்திலிருந்து 31ஐக் கழித்தால் பந்து திரும்ப வேண்டிய போர்டு கிடைக்கும் என்ற விதிப்படி, 40 அடி எண்ணெய்க்கு அது ஒன்பதாம் போர்டு. அந்தக் கணக்கு செமி ரோலருக்கு நன்றாகப் பொருந்தும். உங்களுக்கு அதைவிடச் சற்று உள்ளேதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஆட்டம் வளர வளர எண்ணெய் தேயும்போது, காலையும் குறியையும் சேர்த்து இடப்புறம் நகர்த்தி, எண்ணெய் மிஞ்சியுள்ள பகுதிக்குள் செல்லுங்கள். கோணத்தை மட்டும் விரிக்காதீர்கள். புதிதாக எண்ணெய் இட்ட, நீளமான அமைப்பில் உங்கள் தடம் ஒரு வரம். மற்றவர்களின் பந்து வழுக்கிக்கொண்டே போகும் இடத்தில் உங்களுடையது உருண்டு வரும்.

துளைப்பலகை (பதில்):

சேர்வராயன் ஐயா சொன்னதோடு, "டக் டக்" ஒலியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். பந்துகளுக்குத் துளையிடும் வேலை எனக்குத் தெரியும்.

ரியாக்டிவ் பந்துகளின் உள்ளே இருக்கும் எடைக்கட்டி, பந்து செல்லச் செல்ல அச்சை இடம்பெயரச் செய்கிறது. அதனால் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழாமல் விசிறி போல விரிகின்றன. இதை ஃபிளேர் என்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படியாத பரப்பு லேனைத் தொடுவதால் உராய்வு கூடுகிறது. செமி ரோலருக்கு இது நன்மை, ஏனெனில் விரிவதற்கு அந்தத் தடத்தருகே வெற்றிடம் இருக்கிறது. உங்கள் தடத்தின் ஒருபுறம் கட்டைவிரல் துளை, மறுபுறம் விரல் துளைகள். எந்தப் பக்கம் விரிந்தாலும் துளையின்மேல் ஏறத்தான் செய்யும். அந்த ஒலி அதுதான். துளையில் ஏறி இறங்கும் பந்து ஒவ்வொரு முறையும் லேனைப் பிடிக்கும் விதம் மாறுவதால், ஒரே வீச்சுக்கு இரு வேறு விளைவுகள் வரும்.

தீர்வு, ஃபிளேர் குறைவாக வரும்படி துளையிடுவது. எடைக்கட்டியின் உச்சியைக் காட்ட, பந்தின் மேற்பரப்பில் இருக்கும் 'பின்' என்ற குறி, உங்கள் அச்சு முனையிலிருந்து 3.375 அங்குலத்தில் அமைந்தால் ஃபிளேர் மிக அதிகம். அச்சு முனையை ஒட்டியோ, 6.75 அங்குலத்தை நெருங்கியோ அமைந்தால் மிகக் குறைவு. முன்பெல்லாம் கூடுதலாக ஒரு சமநிலைத் துளை இட்டுச் சரிசெய்ய முடிந்தது. அமெரிக்க பௌலிங் அமைப்பான யுஎஸ்பிசி, 2020 ஆகஸ்ட் 1 முதல் அதைத் தடைசெய்துவிட்டது. எனவே பழைய துளைகளை அடைத்து மறுபடி துளையிடுவதே வழி. அடுத்த முறை துளையிடுபவரிடம், பிளாஸ்டிக் பந்தை எண்ணெய் வளையம் அழியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாய்மொழியாக எவ்வளவு விளக்கினாலும் அந்த வளையத்துக்கு ஈடாகாது.

ஓமலூர் சாலை (பதில்):

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. இன்றைய பந்துகளின் வடிவமைப்பு பெரும்பாலும் செமி ரோலரை மனத்தில் கொண்டே செய்யப்படுகிறது. போட்டிகளில் தொடர்ந்து ஆடும் எண்ணம் இருந்தால், ஒரு பயிற்சியாளரின் துணையுடன் பந்தை விடும் முறையை மாற்றிக்கொள்வதே நீண்ட காலத்துக்கு நல்லது. கட்டைவிரல் முதலில் வெளியேறி, விரல்கள் பின்னர் தூக்கி விடும்போது தடம் தானாகவே துளைகளுக்கு வெளியே நகர்வதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அதற்கு முன், வளாகத்துப் பொதுப் பந்துகளில் பழகும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். துளை பெரிதாக இருந்தால் கை பந்தை இறுக்கிப் பிடிக்கும். கட்டைவிரல் தாமதமாக வெளியேறும். தடம் வீச்சுக்கு வீச்சு மாறும்.

அஸ்தம்பட்டி ரோலர்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா, சேலத்து லேனில் எண்ணெய் மிகக் குறைவு. பந்தில் வளையம் தெளிவாகப் படிவதில்லை. இங்கே பழகும்போது தடத்தை எப்படிக் கண்டறிவது? தடத்தை மாற்றத்தான் வேண்டுமா?

சேர்வராயன்:

அச்சு முனை இருக்கும் என்று கருதும் இடத்தில், பந்தின் வலப்புறம், ஒரு சிறு வெள்ளை டேப்பை ஒட்டி, நண்பரைக் கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். பந்து கையை விட்டதும் டேப் வட்டமிட்டால் இடம் தவறு. ஒரே இடத்தில் நின்று சுழன்றால் அதுவே முனை. அங்கிருந்து எல்லாப் பக்கமும் ஒரே தூரத்தில் (ஃபுல் ரோலருக்கு 6.75 அங்குலத்தில்) வரையும் வட்டம்தான் உங்கள் தடம். பழகும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

மாற்றுவதைப் பற்றி: போட்டி நோக்கம் இருந்தால் ஓமலூர் சாலை அவர்கள் சொல்வது சரி, மனமகிழ்ச்சிக்காக ஆடுபவர் தம் தடத்துக்கேற்ற கோட்டைக் கண்டுபிடித்தால் போதும் என்பேன். மாற்றினாலும் ஸ்பேர் வீச்சுக்கு (முதல் வீச்சில் மிஞ்சிய பின்களைச் சாய்க்கும் இரண்டாம் வீச்சுக்கு) இந்தப் பழைய கையை மறந்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் பந்தை எடுத்து, கையைப் பந்தின் பின்னாலேயே வைத்து, லேனின் இடப்புறம் நின்று, நடுவிலுள்ள நான்காவது ஆரோவின் மேல் குறுக்காக விட்டால், ஃபுல் ரோலர் வளையாமல் நேராகப் பத்தாம் பின்னுக்குச் செல்லும். நண்பர் அதே பின்னுக்கு வீசும்போது, பந்து கடைசியில் இடப்புறம் திரும்பிவிடாமல் தடுக்கத் தனியாக முயல வேண்டியிருக்கும்.