தனுஷ்கோடி ஸ்டேஷன்: புயலுக்கு முந்தைய ஐம்பது வருஷம்

தனுஷ்கோடி போய்வந்தவர்கள் எழுதியதையெல்லாம் வரிசையாகப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எல்லோருமே 1964 புயலில் தொடங்கி அதிலேயே முடிக்கிறார்கள். அந்த ராத்திரியை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஐம்பது வருஷம் அந்த ஸ்டேஷன் வேலை செய்தது, அதைப் பற்றியும் யாராவது பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம்.

சென்னையிலிருந்து இலங்கைக் கப்பலுக்கு ஜனங்களைக் கொண்டுபோன ரயிலுக்குப் பெயர் போட் மெயில். முதலில் அது தூத்துக்குடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல், நீண்ட கடல் பயணம். 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்ததும் எல்லாம் மாறியது. எழும்பூரில் ஏறியவர் பாம்பன் ஜங்ஷன் வழியாகத் தனுஷ்கோடி துறைமுகத்துக்கே வந்து இறங்கலாம், அங்கிருந்து கப்பலில் முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார், அங்கே ரயில் ஏறினால் கொழும்பு கோட்டை. இத்தனைக்கும் ஒரே டிக்கெட்! தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் பிற்காலத்தில் இந்தத் தடத்தில் ஓடின. மணல் திட்டில் இருந்த ஒரு மீனவ ஊருக்குச் சுங்க அலுவலகம், தபால் நிலையம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தது இந்தப் போக்குவரத்தால்தான்.

புது ரோடு வருவதற்கு முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனில் மணலிலும் தண்ணீரிலும் ஆடி ஆடிப் போகிற காலத்தில், ஸ்டேஷன் சுவருக்குப் பக்கத்தில் சங்கு, சிப்பி விற்றுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவிடம் பேசினேன். புயலின்போது அவர் சின்னப் பெண். நான் புயலைப் பற்றிக் கேட்டதும், "அதைத்தான் வர்றவுக எல்லாரும் கேக்குறாக தம்பி" என்றார். சரி, ரயிலைப் பற்றிச் சொல்லுங்கம்மா என்றேன். முகமே மாறிவிட்டது. அவருடைய அப்பா மீன் கூடைகளை வண்டியில் ஏற்றுகிற வேலை செய்தவராம். பிளாட்பாரம் எங்கே இருந்தது, ஜனங்கள் பெட்டி படுக்கையோடு கப்பலுக்கு எந்தப் பக்கமாக நடப்பார்கள், வண்டி வரும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் எங்கே போய் நிற்பார்கள் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். நான் பார்த்தது வெறும் மணல். அவர் பார்த்தது வேறு.

இன்னொருவரை போட் மெயிலிலேயே சந்தித்தேன். (சென்னை-ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸை இன்னும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறோம், கடல் தாண்டுகிற கப்பல் நின்று எத்தனையோ வருஷம் ஆகியும்.) கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பிறந்தது இலங்கை மலையகத்தில். அவருடைய தாத்தாவைத் திருச்சிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு அழைத்துப் போனபோது மண்டபம் கேம்பில் வைத்திருந்து, அம்மை ஊசி போட்டு, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் தனுஷ்கோடிக்கு அனுப்பினார்களாம். போட் மெயில் என்றாலே நமக்குத் துரைகளும் வியாபாரிகளும் போன சொகுசு வண்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்தக் கரை வழியாக மூட்டை முடிச்சோடு போனவர்களில் பெரும் பகுதி இவரது தாத்தா மாதிரியான கூலி ஜனங்கள். அவர்கள் பேச்சு எந்த வீடியோவிலும் வருவதில்லை.

அவர் சொல்லித்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்ற சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தது. தாத்தா போன வழி பேரன் திரும்பி வரும்போது இல்லை. இவர் குடும்பம் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரத்தில்தான் வந்து இறங்கியது.

அந்த ராத்திரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் இல்லாமல் நின்றது, அலை அடித்துக்கொண்டு போனது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாம்பன் பாலத்தின் கர்டர்களில் (பாலத்தின் இரும்பு உத்தரங்கள்) 126 போயின. ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அந்தப் பாலத்தைச் சரிசெய்தது பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்ப வந்தது, தனுஷ்கோடிக்கு வரவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற ஊர் என்று அறிவித்துவிட்டார்கள். அப்படி அறிவித்த ஊரில் மீனவக் குடும்பங்கள் மணலில் ஊற்று தோண்டிக் குடித்துக்கொண்டு இன்றுவரை இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்த பிறகு கூட்டம் அதிகம். 2019 மார்ச்சில் ராமேஸ்வரம்-தனுஷ்கோடி புது ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள், பாம்பனில் புதுப் பாலமே 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது, தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் மட்டும் வரவில்லை. அந்த மணல் திட்டில் மறுபடி பாதை போடலாமா கூடாதா என்பது தனி விவாதம். இருக்கிற சுவரை முதலில் காப்பாற்றுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. உப்புக்காற்று ஒரு பக்கம் அரிக்கிறது, வருகிறவர்கள் இன்னொரு பக்கம் பெயரைக் கீறிவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், உங்கள் பிள்ளைகளையும் செய்ய விடாதீர்கள்.

இங்கே இருப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது அந்த வழியாக இலங்கை போன, அல்லது வந்த பெரியவர்கள் இருக்கிறார்களா? மண்டபம் கேம்பில் எத்தனை நாள் வைத்திருந்தார்கள், ரயிலிலிருந்து கப்பலுக்கு எப்படி ஏறினார்கள், என்ன கொண்டுபோனார்கள், எது நினைவிருந்தாலும் கேட்டு எழுதுங்கள். அந்தத் தலைமுறையில் மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.