பாடியவர்களே அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த காட்சி

ஹாஸ்டலில் சீனியர் அண்ணன் ஒருவரிடம் இங்கிலாந்து ராக் இசைக்குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் கேசட் ஒன்று இருந்தது. அதில்தான் ‘வைல்ட் ஹார்சஸ்’ பாட்டை முதலில் கேட்டேன். வரிகள் பாதிதான் புரிந்தன, கிதார் பிடித்துவிட்டது. அதோடு சரி. அந்தப் பாட்டு பதிவான அறையையே ஒருநாள் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

போன மாதம் ‘கிம்மி ஷெல்டர்’ பார்த்தேன். மேசில்ஸ் சகோதரர்களும் சார்லட் ஸ்வெரினும் எடுத்து 1970இல் வந்த ஆவணப்படம். 1969 கடைசியில் ஸ்டோன்ஸ் அமெரிக்காவைச் சுற்றி வந்த கதை. நடுவில் அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஸ்டூடியோ வருகிறது. பதிவு செய்த பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டம் இல்லை, பாட்டம் இல்லை. டிரம்மர் சார்லி வாட்ஸின் முகத்தைக் கேமரா விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பதிவு நடந்தது டிசம்பர் 2 முதல் 4 வரை. 6ஆம் தேதி கலிஃபோர்னியாவில் ஆல்டமான்ட் கச்சேரி. அங்கே ஓர் உயிர் போனதைப் படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அதனால் ஸ்டூடியோவில் கண் மயங்கிக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது அங்கேதான், கத்திக்குத்துக் காட்சியில் அல்ல.

ஆல்டமான்ட் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். இடத்தைக் கடைசி இரண்டு நாளில் மாற்றியிருக்கிறார்கள். அதற்கு முன் பேசிய இடத்தில் மேடை மேட்டின் மேல் வருவதாக இருந்தது, அதனால் உயரம் குறைவாக இருந்தால் போதும். அதே மேடையைக் கொண்டுவந்து இங்கே சரிவின் அடியில் போட்டார்கள். நாலடிக்கு மேல் இல்லை. சுமார் மூன்று லட்சம் பேர் சரிவிலிருந்து நெருக்கினால் எங்கே வந்து முட்டும்? மேடைக்குப் பக்கத்தில் காவலுக்கு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் பைக் கும்பல். அவர்களுக்குக் கூலி 500 டாலருக்கு பீர். இதை யோசித்த ஆள் யார் என்று இன்றுவரை ஒருவர்மேல் ஒருவர் கை காட்டுகிறார்கள்.

கத்திக்குத்தில் இறந்த மெரிடித் ஹன்டருக்கு 18 வயது. எடிட்டிங் மேசையில் அந்தக் காட்சியை நிறுத்தி, பின்னால் ஓட்டி, ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகருக்குக் காட்டுகிறார்கள். பார்த்துவிட்டு எழுந்து போகிறார். அந்த முகத்தில் இருந்தது வருத்தமா, வேறு எதுவுமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் முடியவில்லை.

அப்புறம் 2013இல் வந்த ‘மசில் ஷோல்ஸ்’ படத்தையும் பார்த்தேன். பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினின் பாட்டுக்குப் பின்னால் வாசித்த அந்த ஊர் வெள்ளைக்காரப் பையன்களைப் பார்த்தால் கூட்டுறவு வங்கிக் குமாஸ்தா மாதிரி இருக்கிறார்கள். நல்ல படம், ஆனால் பேட்டி கொஞ்சம் அதிகம்.

உங்களை அப்படி நிறுத்திய காட்சி எது?

*

எனக்கு ‘வுட்ஸ்டாக்’, 1969இல் அமெரிக்காவில் நடந்த அந்த இசை விழாவைப் பற்றிய ஆவணப்படம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். அப்பாவோடு பார்த்தேன், அதாவது நான் பார்க்கும்போது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கிதார் கலைஞர் ஹென்ட்ரிக்ஸ் வந்தாலும் பாடகர் ஜோ காக்கர் வந்தாலும் தலை நிமிரவில்லை. “என்னடா இது, வலிப்பு வந்தவன் மாதிரி” என்று ஒரே ஒரு விமர்சனம், அதுவும் காக்கருக்கு.

பிறகு கழிப்பறை சுத்தம் செய்பவரிடம் பேசுகிற காட்சி வந்தது. சிரித்த முகத்தோடு வேலை செய்துகொண்டே சொல்கிறார்: என் ஒரு பையன் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான், இன்னொருவன் வியட்நாமில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறான். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அவர் ராணுவத்தில் இருந்தவர். படம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. தூங்கப் போகும்போது, “அந்த ஹெலிகாப்டர் பையன் திரும்பி வந்தானாமா?” என்று கேட்டார். படத்தில் அது இல்லை என்றேன்.

*

மேலே வுட்ஸ்டாக் சொன்ன அண்ணாவுக்கு ஒரு விஷயம். 1969 ஆகஸ்ட் 15 அன்று அந்த விழாவில் காவி உடையில் உட்கார்ந்து தொடக்க உரை பேசினாரே சுவாமி சச்சிதானந்தா, அவர் எங்கள் கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1966இல் அமெரிக்கா போனவர். நான் அந்த ஊர் வழியாக வருஷக்கணக்கில் பஸ்ஸில் போயிருக்கிறேன், யாரும் சொல்லவில்லை! வெள்ளைத் தாடியோடு, எதிரே லட்சக்கணக்கில் இளவட்டங்களை வைத்துக்கொண்டு அவர் இருக்கும் போட்டோவைப் பார்த்ததும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். என் பாட்டி போட்டோவை உற்றுப் பார்த்துவிட்டு, “இத்தனை பேருக்கும் சோறு யார் போட்டா?” என்றார்.

அந்தக் கேள்விக்கும் படத்தில் பதில் இருக்கிறது பாட்டி. பக்கத்து ஊர்க்காரர்கள் எடுத்துவந்து கொடுத்திருக்கிறார்கள்.