எச்.ஐ.வி. மாத்திரை ஒழுங்கா எடுக்கேன், ஆனா பாதம் ரெண்டும் காந்துது

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறேன். 2009-ல ஏ.ஆர்.டி., அதாவது எச்.ஐ.வி. கிருமிய அடக்குற சிகிச்சை தொடங்கினேன். முதல் மூணு வருசம் ஸ்டாவுடின் சேர்ந்த மாத்திரை, இப்போ டி.எல்.டி.ன்னு மூணு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. வைரல் லோடு, அதான் ரத்தத்துல கிருமி அளவு, தெரியாத அளவுக்கு இறங்கியாச்சு. எனக்க காலுதான் வினை. விடியக்காலம் தலையில லைட்டைக் கட்டிட்டு இறங்குவேன். ஒருநாள் செருப்பு கழண்டது தெரியாம நாலு மரம் தாண்டிப் போயிருக்கேன். அவ்வளவு மரத்துப்போன பாதத்துல ராத்திரி போர்வை பட்டா கங்கு வச்ச மாதிரி. மெடிக்கல்ல டைக்ளோபெனாக் வலி மாத்திரை வாங்கிப் போடுறேன், கேக்கல. ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போறப்போ சொல்ல வாய் வரல்ல. உயிரோட இருக்கதே பெருசு, இதையும் சொல்லணுமான்னு.

தக்கலை அக்கா:
சொல்லணும் தம்பி. இது நரம்பு வலி. கிருமியும் நரம்பைக் கெடுக்கும், ஸ்டாவுடினும் கெடுக்கும். அந்த மாத்திரைய நிறுத்தினாலும் சிலருக்கு எரிச்சல் போகாது, எனக்குப் போகல்ல. டைக்ளோபெனாக்கை விடுங்க. டி.எல்.டி.யில இருக்க டெனோபோவிரும் அதும் சேர்ந்தா கிட்னிக்கு ஆகாது. எனக்கு நரம்பு வலிக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின் மாத்திரை 10 மி.கி.யில தொடங்கினாங்க. தூக்கம் வந்துது, ஆனா காலம்பற தலை கிறங்கும். நீங்க இருட்டுல கத்தி பிடிக்கியளே, அதை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லுங்க. வலி பத்துக்கு எத்தனைன்னும் சொல்லுங்க. வெறும் "வலிக்குது"ன்னா யாருக்கும் பிடிபடாது.

நர்ஸா வேலை பாத்தவ:
டி.பி. மாத்திரை எப்பவாவது எடுத்தியளா? ஐசோனியாசிட்டும் நரம்பைத் தாக்கும், அதுக்குத்தான் கூடவே பி6 குடுப்பாங்க. சுகர், பி12 ரெண்டும் பாக்கச் சொல்லுங்க. வெளி டாக்டர் யாராவது நரம்பு வலிக்குக் கார்பமசெபின் எழுதினா டி.எல்.டி. எடுக்கதை மறைக்காதீங்க, அது டி.எல்.டி.யில இருக்க டோலுடெக்ராவிர் மருந்தோட அளவை உடம்புல இறக்கிடும். உணர்ச்சியில்லாத காலுல முள்ளு குத்தினாலும் தெரியாது. தினமும் உள்ளங்கால திருப்பிப் பாருங்க.

கேள்வி கேட்டவன்:
போய்ச் சொல்லிட்டேன். எட்டுன்னேன். டாக்டரம்மா செருப்பைக் கழத்தச் சொல்லி, ஒரு இரும்புக் கவையத் தட்டிப் பெருவிரல்ல வச்சாங்க. ஒண்ணும் தெரியல்ல. கணுக்காலுக்கு வந்தப்புறம்தான் அதிர்ந்துது. என்னைவிட அவங்களுக்குத்தான் வருத்தம், இத்தனை வருசமா ஏன் சொல்லல்லன்னு கேட்டாங்க. நரம்பு வலிக்குக் காபாபென்டின் மாத்திரை தந்திருக்காங்க, கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டணுமாம். மூணு வாரத்துல எட்டு ஆறாச்சு அக்கா. தோட்டத்துக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிட்டேன். பி12 ரிசல்ட் இன்னும் வரல்ல.