வேலிக்கு லைன் கேட்ட மாமா

தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் 16 வருஷமா விவசாய மோட்டார் வேலை பார்க்கிறேன். ஐ.டி.ஐ.யில எலெக்ட்ரீஷியன் 2 வருஷம் முடிச்சதும் ஒரு ஆசான்கிட்ட சேர்ந்தேன். மோட்டார் இறக்குறது, கேபிள் ஜாயின்ட், ஸ்டார்ட்டர் போர்டு, எர்த்து எல்லாம் அவர் கத்துக்கொடுத்ததுதான். எங்க பக்கம் போர் 1000 அடியைத் தாண்டிப் போகும். ஜாயின்ட் ஒண்ணு ஒழுகினாலும் அத்தனை பைப்பையும் மேல ஏத்தணும், விவசாயி கடன் வாங்கணும்.

போன வருஷம் பங்குனியில முறைக்கு மாமா ஆகுற ஒருத்தர் விடிகாலையிலேயே போன் போட்டார். "மாப்ள, பன்னி வந்து அரை ஏக்கர் கடலையைக் கிளறிப் போட்டுடுச்சு. மோட்டார் ரூம்ல இருந்து ஒரு பேஸ் லைன் எடுத்து வேலிக் கட்டுக்கம்பியில விட்டுடு. ராத்திரி மட்டும் போதும்."

போய்ப் பார்த்தேன். ஒரு செடியைத் தூக்கிக் காட்டினார். முத்திக்கிட்டு வந்த காய், ஓடு மட்டும் தொங்குது. இன்னும் ரெண்டு வாரத்துல பிடுங்க வேண்டியது. வயிறு எரிஞ்சது. ஆனாலும் "இது மட்டும் முடியாது மாமா"ன்னு சொல்லிட்டேன்.

நான் தொழில் கத்துக்கிட்டு இருந்த காலத்துல ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு ஆசானைக் கூப்பிட்டாங்க, நானும் கூடப் போனேன். மோட்டார் ஓடத் தேவையான மூணு பேஸ் கரண்டு வந்ததும், மோட்டார் போடப் போன ஒரு விவசாயி அடுத்த காட்டுக்காரர் வேலியில கால் வெச்சுட்டார். தைல மரக் குச்சியில முழங்கால் உயரத்துக்குக் கட்டுக்கம்பி. அதோட முனை, ஆசான் கையால கட்டுன போர்டுலயே ஃபியூஸ் கட்டைக்குக் கீழ செருகியிருந்தது. கட்டையைப் பிடுங்கிட்டு ஆசான் அங்கேயே உட்கார்ந்துட்டார். ஃபியூஸ் போகவே இல்ல. எப்படிப் போகும்? 7.5 எச்.பி. மோட்டார் ஓடும்போதே 11 ஆம்பியர் இழுக்கும், அதுக்குத் தகுந்த கம்பிதான் அதுல இருக்கும். ஆளைக் கொல்ல அதுல நூத்துல ஒரு பங்கு போதும்.

ராத்திரி கரண்டு வர்ற ஊர்ல வரப்புல நடக்காத விவசாயி யார் இருக்காங்க? பன்னிக்குன்னு கட்டுற கம்பியில முதல்ல மாட்டுறது பக்கத்துக் காட்டுக்காரன்தான். 2023 மார்ச்சுல எங்க மாரண்டஅள்ளி பக்கத்துலயே இப்படி ஒரு வேலியில மூணு யானை செத்துச்சு, ரெண்டு குட்டி தப்பிச்சது. பம்புசெட்டுக்குக் கொடுத்த கரண்டை வேலிக்கு இழுத்தா சட்டப்படி அது திருட்டு. உயிர் போனா கேஸே வேற.

இதையெல்லாம் சொன்னேன். மாமா முகத்தைத் திருப்பிக்கிட்டார். "வேற ஆள் இல்லையா"ன்னார். மறுநாள் அத்தை போன் பண்ணி, "அந்த மனுஷன் ராத்திரியெல்லாம் தூங்கல, ஏதாவது வழி சொல்லுப்பா"ன்னாங்க.

வழி இருக்கு. சோலார் வேலி. 12 வோல்ட் பேட்டரி, அதுல இருந்து கம்பிக்கு விட்டு விட்டு ஷாக் அனுப்புற எனர்ஜைசர் பெட்டி. இதுல கரண்டு தொடர்ந்து ஓடாது. நொடிக்கு ஒரு தடவை, கண் இமைக்கிறதுக்குள்ள ஒரு அடி அடிச்சுட்டு நின்னுடும். அந்த இடைவெளியிலதான் தொட்டவன் கையை எடுக்க முடியுது. நேர் லைன்ல சதை இறுகிப் பிடிச்சுக்கும், விடாது. எனர்ஜைசர் தரச்சான்றோட இருக்கணும், வேலியைப் பதிவு பண்ணணும். தமிழ்நாட்டுல அதுக்கு 2023-லயே விதி வந்துடுச்சு.

எங்க மண்ணுல இந்த வேலி நிறைய இடத்துல வேலை செய்யாம போறதுக்குக் காரணம் எர்த்து. கம்பியைத் தொட்ட பன்னி வழியா மண்ணுல இறங்குற கரண்டு, எர்த்து ராடு வழியா பெட்டிக்குத் திரும்பினாதான் ஷாக் உறைக்கும். கல்லுக்காடு, காஞ்ச மண். ஒரு ராடு அடிச்சுட்டுப் போயிடுறாங்க, பன்னி தொட்டாலும் உறைக்காது. மாமா காட்டுல 6 அடி ராடு மூணு, பத்தடிக்கு ஒண்ணா, தொட்டி வழியுற ஈரத்துல அடிச்சேன். கீழ்க்கம்பியில புல் உரசினாலும் வேகம் செத்துடும்னு சொல்லி வெச்சேன்.

ஒரு மாசம் மாமா என்கிட்ட சரியாப் பேசல. ஆனா டெஸ்டர் வெச்சுப் பார்க்க ஆடியில போனப்ப, வேலி ஓரமா ஒரு முழம் அகலத்துக்குப் புல்லே இல்ல, அருவாளால செதுக்கி வெச்சிருந்தார். தொட்டி வழியலைன்னா ராடுக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்துறாராம், அத்தை சொன்னாங்க.