மெய்நிகர் உலகில் பறக்கும் ஆற்றல்: குமட்டலைத் தவிர்ப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். கைகளை முன்னே நீட்டினால் நகரத்தின் மேலே பறக்கும் மெய்நிகர் அனுபவம் ஒன்றை இறுதியாண்டுச் செயல்திட்டமாக உருவாக்கி வருகிறேன். சித்தர்கள் சொன்ன இலகிமாவை, அதாவது உடலை இலேசாக்கும் சித்தியை, கண்களில் மாட்டும் ஹெட்செட்டுக்குள்ளாவது காண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால், பறந்து பார்த்த நண்பர்களில் பலர் இரண்டே நிமிடத்தில் குமட்டுகிறது என்று ஹெட்செட்டைக் கழற்றிவிடுகிறார்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்தும் பயனில்லை. எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி 1:
வேகத்தைவிட வேக மாற்றத்தைக் கவனியுங்கள். உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு சீரான வேகத்தை உணராது. முடுக்கத்தையும் சுழற்சியையுமே உணரும். திரையில் உடல் வளைந்து திரும்புவதைக் கண் காணும்போது உட்காது எதையும் உணராவிட்டால், அந்த முரண்பாடே குமட்டலாக வெளிப்படுகிறது. ஆகவே திரும்புவதைக் கைக்கருவியின் பொத்தானுக்கு விடாமல், பறப்பவர் தம் உடலையே திருப்பும்படி அமையுங்கள். வேகத்தையும் நொடிக்கு நொடி மாற்றாதீர்கள். நகரும்போது பார்வையின் ஓரங்களை மெல்ல இருளச் செய்வதும் உதவும். பயனர் பெரும்பாலும் கவனிக்காத அளவுக்கு நுட்பமாக இதைச் செய்தாலும் பலன் உண்டு என்று கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள்.

மறுமொழி 2:
சூரிக் கலைப் பல்கலைக்கழகத்தில் உருவான பேர்ட்லி என்னும் கருவியில், பறப்பவர் குப்புறப் படுத்துக் கைகளால் சிறகுகளை அசைப்பார். முகத்தில் மின்விசிறி காற்று வீசும். அத்தகைய கருவி உங்களிடம் இராது. ஆயினும் மேசை விசிறி ஒன்றை எதிரே வைத்துப் பாருங்கள்; பறக்கும் உணர்வுக்கு அது எவ்வளவு வலுச் சேர்க்கிறது என்பது எனக்கே வியப்பளித்தது.

மறுமொழி 3:
இது குமட்டலுக்கான விடை அல்ல; ஆனால் மெய்நிகர் உலகில் பறப்பது பிறருக்கு உதவத் தூண்டுமா என்று பார்த்த ஆய்வு ஒன்று உங்களுக்குப் பயன்படலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 60 பேரில் ஒரு பாதியினர் கையசைவால் பறந்தார்கள். மறுபாதியினர் ஹெலிகாப்டரில் பயணிகளாக அமர்ந்திருந்தார்கள். சிலருக்கு இன்சுலின் தேவைப்படும் குழந்தையைத் தேடும் பணி, மற்றவர்களுக்கு ஊரைச் சுற்றிப் பார்ப்பது. முடிந்தபின் ஆய்வாளர் தவறுதலாகத் தட்டிவிட்டதுபோல் பேனாக்களைச் சிதறவிட்டபோது, பறந்தவர்களே விரைந்து உதவினார்கள். உதவாத ஆறு பேரும் ஹெலிகாப்டரில் சென்றவர்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பொத்தானால் திரும்பும் வசதியை இன்றே நீக்குகிறேன். ஆனால் அந்த ஆய்வில் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் சும்மா அமர்ந்திருந்தார்களே. உதவத் தூண்டியது பறக்கும் ஆற்றலா, தாமே இயங்கியதா?

மறுமொழி 3:
சரியான ஐயம். ஹெலிகாப்டரைத் தாமே ஓட்டும் மூன்றாவது குழு ஒன்றையும் உங்கள் திட்டத்தில் சேர்த்தால் அதைச் சோதிக்கலாம்.