எஃப்.யூ.டி.யா, எஃப்.யூ.இ.யா? பழைய முறையில் முடி நட்டுக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குடியாத்தம்_26:
வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில். நெற்றி இரண்டு பக்கமும் மேலேறிக்கொண்டே போகிறது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள்; என்னிடம் இருக்கும் படங்களில் எல்லாம் தொப்பி. ஓரிடத்தில் விசாரித்தேன். "பின்மண்டைத் தோலைப் பட்டையாக வெட்டியெடுக்கும் எஃப்.யூ.டி. பழைய முறை. முடியைத் தலையிலிருந்தே கொத்துக் கொத்தாக எடுக்கும் எஃப்.யூ.இ.தான் நவீனம், தழும்பே இருக்காது" என்றார்கள். நம்பலாமா?

சத்துவாச்சாரி_வாசி:
நான் நான்கு ஆண்டுகளுக்கு முன் பட்டை எடுத்துச் செய்துகொண்டேன். பின்மண்டையில் ஒரு கோடு இருக்கிறது. முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டால் தெரியாது. என் மச்சான் எஃப்.யூ.இ. செய்துகொண்டான். மொட்டையடித்துவிட்டு ஒரு மாதம் வெளியே தலைகாட்டவில்லை. இருவருக்கும் முன்னால் வளர்ந்ததில் வித்தியாசம் தெரியவில்லை.

பழைய_தோல்காரன்:
தம்பி, எனக்கு 72. ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலையில் நாற்பது ஆண்டுகள். ஆட்டுத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை நீக்குவது பிழைப்பு. அப்படிச் சம்பாதித்த பணத்தை, 1984-ல் வியாபாரமாக ஜெர்மனி போன இடத்தில், என் தலையில் முடி நடக் கொடுத்தேன். என் வீட்டுக்காரி இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அன்றைக்கு நடந்தது பஞ்ச் முறை. 4 மில்லிமீட்டர் வட்டக் கத்தியால் பின்மண்டையில் தோலோடு துளைத்தெடுத்து, முன்னால் துளை போட்டுச் செருகுவார்கள். ஜப்பானில் ஷோஜி ஒகுடா என்ற மருத்துவர் 1939-லேயே இதைப் போன்ற ஒன்றை எழுதிவிட்டார்; போர்க்காலத்தில் வெளியே யார் கவனித்தார்கள்? நியூயார்க்கில் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1952-ல் தொடங்கியதுதான் உலகமெங்கும் பரவியது. ஒரு துண்டில் பதினைந்து இருபது முடி இருக்கும். நாற்றுமுடியைப் பிரிக்காமல் அப்படியே சேற்றில் ஊன்றினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அந்த முடியெல்லாம் கொட்டிப்போனதால்தான் பழைய முறை கெட்டபெயர் வாங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். என் தலையில் நடந்தது நேர்மாறு. பின்மண்டை முடியை எங்கே நட்டாலும் அது தன் குணத்தை விடாது என்பதுதான் ஓரன்ட்ரைக் கண்டது. நட்ட குத்துகள் இன்றும் வளர்கின்றன. சுற்றியிருந்த சொந்த முடிதான் போய்விட்டது. மிச்சம், பாலாற்று மணலில் அங்கங்கே நிற்கும் நாணல். 31 வயதில் நெற்றியைத் தாழ்த்திப் போடுங்கள் என்று கேட்டதும் நானேதான்.

எடுத்த இடத்துக் குழிகளைத் தைக்கவும் மாட்டார்கள், தானாக ஆற விட்டுவிடுவார்கள். பேரன் மொட்டைக்குத் திருமலை போனபோது நானும் கல்யாணகட்டாவில் உட்கார்ந்தேன். பின்மண்டையில் வரிசையாக வெள்ளை வட்டங்களைப் பார்த்துவிட்டு, கத்தியை நிறுத்தி, "அம்மை போட்டதா?" என்று கேட்டார் நாவிதர். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இனி உன் கேள்வி. ஆட்டுத் தோலில் மயிர்க்கண்கள் கூட்டம் கூட்டமாக வரிசையில் நிற்கும். மனிதத் தலையிலும் முடி ஒன்று முதல் நான்கு வரை கொத்தாகத்தான் முளைக்கிறது. அமெரிக்காவில் மருத்துவர் பாபி லிம்மர் 1988-ல் பட்டையாக எடுத்த தோலை நுண்ணோக்கியில் வைத்து, கொத்துக் கொத்தாகப் பிரித்து நடத் தொடங்கினார். எஃப்.யூ.டி. அந்த வழியில் வந்தது. எஃப்.யூ.இ.யில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வட்டக் கத்தியால் கொத்துகளைத் தலையிலிருந்தே ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். தோலுக்கு அடியில் வேர் எந்தச் சாய்வில் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கை பழகாதவன் வேரையே அறுத்துவிடுவான். தழும்பே இருக்காது என்பதும் பொய். ஒரு கோட்டுக்குப் பதில் ஆயிரக்கணக்கில் புள்ளிகள். பேராசைப்பட்டு எடுத்தால் பின்மண்டை பூச்சி அரித்த கம்பளிபோல ஆகும்.

ஆகவே முறையின் பெயரைக் கேட்காதே. கத்தியைப் பிடிப்பது மருத்துவரா, வேறு யாராவதா? 50 வயதுக்கென்று பின்னால் எவ்வளவு விட்டுவைப்பார்? பின்மண்டை விதைநெல், தம்பி. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது.

காட்பாடி_செவிலி:
ஐயா சொன்னது சரி. 26 வயதில் முடி இன்னும் எவ்வளவு பின்வாங்கும் என்று கணிப்பது கடினம். முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். முடி உதிர்வுக்கான மருந்துகளான மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடு இரண்டில் உங்களுக்கு எது பொருந்தும் என்று அவர் சொல்வார். ஃபினாஸ்டரைடை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். சிலருக்குத் தாம்பத்தியத்தில் பக்கவிளைவு வரும். அறுவை சிகிச்சைதான் என்று முடிவானாலும் கத்திரி வெயிலில் வேண்டாம், நம் ஊர் வெயிலைத்தான் தெரியுமே. நட்ட முடி சில வாரங்களிலேயே உதிரும், பயப்படாதீர்கள். மூன்று நான்கு மாதத்தில் மறுபடி முளைத்து, நன்றாகத் தெரிய ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் போய் உட்காருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குடியாத்தம்_26:
ஐப்பசியில் போகத்தான் நினைத்திருந்தேன். தாய்மாமன் இருவருக்கும் 40 வயதில் உச்சிவரை வழுக்கை. தோல் மருத்துவரையே முதலில் பார்க்கிறேன். ஐயா, உங்கள் குத்துகளை இப்போது எடுத்துப் பிரித்து நட முடியாதா?

பழைய_தோல்காரன்:
முடியும் என்றுதான் சொன்னார்கள். குத்தை எடுத்து, கொத்துகளாகப் பிரித்து மறுபடி நடலாமாம். வீட்டுக்காரி வேண்டாம் என்றுவிட்டாள். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடிக்க அவளுக்கு அதுதான் அடையாளமாம்.