மடலாடல்: ‘விற்பனையாளர் கட்டணம்’, யார் யாருக்குக் கட்டுவது?

தண்டையார்பேட்டையிலிருந்து, பயிற்சியாளர்

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

இங்கே வடசென்னையில் ஒரு சமூகக் கூடத்தில், ஒயர்கூடை பின்னும் பெண்களுக்கு இணையத்தில் கடை நடத்துவது பற்றி வகுப்பு எடுத்து வருகிறேன். வரும் திங்கட்கிழமை கையேடு அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல் என்னைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது.

கைவினைப் பொருள் விற்கும் தளங்கள் விற்பவரிடம் எடுத்துக்கொள்ளும் பலவகைத் தொகைகளை ஆங்கிலத்தில் ‘செல்லர் ஃபீஸ்’ என்கிறார்கள். நான் அதை ‘விற்பனையாளர் கட்டணம்’ என்று எழுதியிருந்தேன். சென்ற வெள்ளிக்கிழமை, நெல்லிக்காய் முடிச்சுக் கூடை போடுவதில் வகுப்பிலேயே மூத்த கையான ஓர் அம்மா அந்த வரியில் விரலை வைத்து, “இது எனக்கு வர்ற கூலிதானே டீச்சர்? கூடைக்குத் தனி, எனக்குத் தனியா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவரின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அவர் அந்தத் தொகையை வரவுப் பக்கத்தில் எழுதி, கூடை விலையோடு கூட்டியும் வைத்திருந்தார். குற்றம் அவர்களுடையதன்று, என் சொல்லினுடையது.

கையேட்டில், கைவினைப் பொருள் விற்கும் அமெரிக்க இணையத் தளமான எட்சியை (Etsy) எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். அங்கே ஒரு பொருளைக் கடையில் வைக்க 20 சென்ட். அது நான்கு மாதம் இருக்கும். விற்றாலும் விற்காவிட்டாலும் அந்தக் காசு உண்டு, புதுப்பித்தால் மறுபடியும் உண்டு. பொருள் விற்றால் 6.5 விழுக்காடு. இது பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, வாங்குபவரிடம் அனுப்பும் செலவுக்கென்று பெறும் தொகைக்கும் சேர்த்து. கூடை 20 டாலர், அனுப்ப 10 டாலர் என்றால் 30 டாலருக்குக் கணக்கிட்டு 1.95 டாலர் எடுப்பார்கள். பணத்தைக் கைமாற்றித் தருவதற்கு நாட்டுக்கு நாடு மாறுபடும் இன்னொரு தொகை. தளமே வெளியிடங்களில் விளம்பரம் செய்து, அந்த விளம்பரத்தைத் தட்டி வந்தவர் வாங்கிவிட்டால் 15 விழுக்காடு. ஓராண்டு விற்பனை 10,000 டாலரைத் தொட்டுவிட்ட கடைக்கு இது 12 விழுக்காடாகக் குறையும், ஆனால் அதன்பின் அந்த விளம்பரத்திலிருந்து விலக முடியாது.

இந்த நான்கையும் சேர்த்துச் சொல்ல ஒரு பொதுச்சொல்லும், முடிந்தால் நான்கிற்கும் தனித்தனிப் பெயரும் வேண்டும். படித்த உடனே, போகிற காசு என்று தெரிய வேண்டும். அது ஒன்றே என் நிபந்தனை.

திருவொற்றியூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, தங்கள் மாணவியர் பிழையாகப் படிக்கவில்லை. ‘விற்பனையாளர் கட்டணம்’ என்பது தொகைநிலைத் தொடர், அதாவது இடையில் வேற்றுமை உருபு மறைந்து நிற்பது. ‘விற்பனையாளரால் கட்டப்படும் கட்டணம்’ என்று விரித்தால் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘விற்பனையாளருக்கு உரிய கட்டணம்’ என்று விரித்தால் நான்காம் வேற்றுமை. இரண்டுக்கும் இலக்கணம் இடம் தருகிறது, வழக்கும் இடம் தருகிறது. ‘பயணியர் கட்டணம்’ பயணியர் தருவது. ‘மருத்துவர் கட்டணம்’ மருத்துவர் பெறுவது. உழைத்து விற்கும் ஒருவர் தம்மை மருத்துவரின் இடத்தில் வைத்துப் பார்த்ததில் வியப்பொன்றும் இல்லை.

ஆகவே உருபை விரித்தெழுதுவதைவிட, திசை தன்னுள்ளேயே அமைந்த சொல்லைத் தேடுவதே முறை. அத்தகைய சொல் நம்மிடம் இருக்கிறது: உல்கு. ‘உறுபொருளும் உல்கு பொருளும்தன் ஒன்னார்த் தெறுபொருளும் வேந்தன் பொருள்’ என்பது 756ஆம் குறள். வணிகன் தன் பண்டத்தை ஒரு துறை வழியே கொண்டு செல்லும்போது துறைக்குரியவனுக்கு இறுப்பது, அதாவது செலுத்தும் சுங்கம், உல்கு. இணையத் தளம் இன்றைய துறை. ‘தள உல்கு’ என்று வையுங்கள். வடசென்னையில், துறைமுகத்தின் நிழலில் வாழும் நமக்கு இச்சொல் மிகவும் பொருந்தும்.

காசிமேட்டிலிருந்து, மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்

ஐயா சொன்ன இலக்கணம் எனக்குப் பெரிய தெளிவு. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. உல்கை அச்சிட்டால், அதன் பொருளை விளக்க வகுப்பில் கால் மணி நேரம் போகும். குறளிலேயே அது வேந்தன் பொருள் என்று இருக்கிறது. ஒரு தனியார் நிறுவனம் வேந்தன் ஆகாது. நாட்டுக்கு இறுப்பதற்கும் நிறுவனத்துக்குக் கொடுப்பதற்கும் ஒரே சொல்லை வைத்தால் புதிய குழப்பம் ஒன்றை நாமே உண்டாக்குகிறோம். மேலும் உல்கு, சுங்கம் இரண்டையும் வடமொழிச் சுல்கத்தோடு இணைத்துக் காட்டுவோர் இருக்கிறார்கள். தூய்மைக்காக என்றாலும் அந்தச் சொல் கேள்விக்கு அப்பாற்பட்டது அன்று.

என் பரிந்துரை ‘பிடித்தம்’. ‘கட்டு’ என்ற வினையைப் பாருங்கள்: வரி கட்டினேன், ஃபீஸ் கட்டினேன், கரண்ட் பில் கட்டினேன் என்கிறோம். காசு முதலில் நம் கையில் இருக்கிறது, நாம் போய்க் கட்டுகிறோம். அந்தக் கட்டில் பிறந்ததே கட்டணம். தளம் எடுப்பது அப்படி இல்லை. நம் கைக்கு வருமுன்பே பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறார்கள். சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் என்றால் கொருக்குப்பேட்டையில் கம்பெனிக்குப் போய் வந்த எந்தக் குடும்பத்துக்கும் விளக்கம் வேண்டாம். ‘தளப் பிடித்தம்’ என்று வைத்தால் எந்த மாணவியும் அதை வரவில் எழுத மாட்டார்.

பொருளைக் கடையில் வைப்பதற்கான அந்த 20 சென்ட்டுக்குச் சந்தையிலேயே சொல் இருக்கிறது: அடிக்காசு. கூடையை இறக்கி வைத்த இடத்துக்கு, ஒரு கத்தரிக்காய் விற்காவிட்டாலும் சீட்டுக் கிழித்துக் கொடுத்து வாங்குகிறார்களே, அதுதான். ‘பட்டியல் கட்டணம்’ என்று ஆயிரம் முறை எழுதினாலும், ‘விற்காவிட்டாலும் உண்டு’ என்ற குறிப்பு அதில் வராது. அடிக்காசு என்ற சொல்லில் அது தானாகவே இருக்கிறது.

தங்கசாலையிலிருந்து, கணக்கு எழுதுபவர்

அடிக்காசு மிக நன்று. பிடித்தத்தை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது, அது வரிப் பிடித்தம்.

மின்வணிகத் தளம் விற்பவருக்குப் பணம் அனுப்பும்போது வருமான வரிக்காக ஒரு பகுதியைப் பிடிக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபரில் வந்தது. சட்டத்தில் வகுத்த விகிதம் 1 விழுக்காடு. 2024 அக்டோபர் முதல் 0.1 விழுக்காடு. ஜிஎஸ்டியில் தளம் திரட்ட வேண்டிய தொகை 1 விழுக்காடாக இருந்து, 2024 ஜூலையில் 0.5 ஆனது. இவை இரண்டும் விற்பவர் பெயரிலேயே அரசிடம் போய்ச் சேருகின்றன. கணக்குக் காட்டினால் வரியில் கழித்துக்கொள்ளலாம், மிகுதி இருந்தால் திரும்பவும் கிடைக்கும். தளத்தின் தொகையோ போனது போனதுதான். திரும்பி வரக்கூடிய காசையும் வராத காசையும் ‘பிடித்தம்’ என்ற ஒரே பெயரில் அடுத்தடுத்த வரிகளில் எழுதினால், எளிய மனிதர் இரண்டையும் விட்டுவிடுவார். இந்தத் தெருவில் அப்படி விட்டவர்களின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். நான்கு ஆண்டு கேட்காமல் விட்ட தொகையை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

தண்டையார்பேட்டை அம்மாவின் மாணவியரில் பெரும்பாலோருக்கு இந்த வரிப் பிடித்தங்களே வராமல் இருக்கலாம். தனிநபரின் ஆண்டு விற்பனை 5 இலட்சத்துக்குள் இருந்து, பான் அல்லது ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தால் வருமான வரிப் பிடித்தம் இல்லை. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளர் தம் மாநிலத்துக்குள் தளத்தின் வழியாகப் பொருள் விற்கலாம் என்று 2023 அக்டோபரில் வழி திறந்தது, அவர்களிடம் அந்தத் திரட்டலும் இல்லை. ஆனால் கையேடு என்பது இன்றைக்கு மட்டும் அன்று. கடை வளர்ந்த அன்று அந்த அம்மாள் இதே பக்கத்தைத்தான் திறப்பார்.

இன்னொன்று. உள்நாட்டுத் தளங்கள் 100 ரூபாய் கமிஷன் என்று காட்டினால், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி ஏறி 118 போகும். பதிவு இல்லாதவருக்கு அந்த 18 ரூபாயும் செலவு. பொதுச்சொல் எதுவானாலும் இதற்குக் கீழே ஒரு வரி ஒதுக்குங்கள்.

சொல்லுக்கு முன்மாதிரி வேண்டுமானால் இங்கே நகைக்கடை ரசீதைப் பாருங்கள். செய்கூலி, சேதாரம் என்று இரண்டே சொல். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அவற்றின்மேல் பேரம் பேசுகிறார். அப்படிப்பட்ட சொற்களாக இருக்க வேண்டும்.

திருவொற்றியூரிலிருந்து, மீண்டும்

உல்கு வேந்தனுக்கே உரியது என்ற மறுப்பை ஏற்கத் தயங்குகிறேன். கொடுப்பவன் பேரம் பேச முடியாதது, கொள்பவனே அளவு வகுப்பது, இவையே உல்கின் இயல்பு. விற்ற தொகையில் எட்சி எடுக்கும் பங்கு 2018இல் 3.5 விழுக்காட்டிலிருந்து 5 ஆகி, 2022 ஏப்ரலில் 6.5 ஆனது. அந்த வாரம் ஆயிரக்கணக்கான கைவினைஞர் தத்தம் கடையைச் சாத்தி எதிர்ப்புக் காட்டினர், ஆயினும் விகிதம் மாறவில்லை. இது கட்டணமா, உல்கா என்று நடுவுநிலையோடு எண்ணிப் பாருங்கள். ‘தரகு’ என்று சொல்லலாமென ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதினார். தா என்னும் அடியிலிருந்து, தருகு, தரகு என வந்ததாகவே நான் கருதுகிறேன், அழகிய சொல். ஆயினும் தரகன் இருபக்கமும் பேசுபவன், இருபக்கமும் முகம் பார்ப்பவன். தளத்துக்கு முகமே இல்லை.

‘தண்டல்’ என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். தண்டுதல் என்றால் வரி முதலியன திரட்டுதல். தண்டையார்பேட்டைக்கே அதனால்தான் அப்பெயரோ என்று எனக்கு நெடுநாள் ஐயம்.

இராயபுரத்திலிருந்து, நூலக வாசகர்

ஐயா, அந்த ஐயத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வோம். தொண்டிப் பகுதியிலிருந்து வந்து இப்பக்கம் தங்கி அடக்கமான சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபுவைத் தொண்டியார் என்று அழைத்தார்கள், தொண்டியார்பேட்டை தண்டையார்பேட்டை ஆயிற்று என்பதே இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. தண்டலுக்கு அதில் இடமில்லை. எங்கள் தெருக்களில் தண்டல் என்றால் நாள்வட்டிக்குப் பணம் கொடுத்து மாலையில் வாங்க வருபவர்தான். அந்தச் சொல்லைக் கையேட்டில் பார்த்தால் பாதிப் பேர் அடுத்த வகுப்புக்கு வரமாட்டார்கள்.

எனக்குப் படுவது இது. ஆசிரியர் ஐயா காட்டிய ‘மருத்துவர் கட்டணம்’ என்ற எடுத்துக்காட்டிலேயே விடை இருக்கிறது. மாணவியர் முன்சொல்லைப் பெறுபவராகப் படித்தார்கள். அப்படியானால் பெறுபவரையே முன்சொல்லாக வைப்போம்: ‘தளக் கட்டணம்’. தளம் பெறுகிறது என்று அவர்கள் தாமாகவே படிப்பார்கள். பிடித்தம் வரிக்கு இருக்கட்டும். அடிக்காசு, விற்பனைப் பங்கு, பணம் மாற்றும் கட்டணம், விளம்பரப் பங்கு என்று நான்கையும் அதன்கீழ் வைக்கலாம்.

காசிமேட்டிலிருந்து, மீண்டும்

தங்கசாலை ஐயா சொன்ன வரிக் காரணம் எனக்குத் தோன்றவே இல்லை. பிடித்தத்தைத் திரும்பப் பெறுகிறேன். தளக் கட்டணத்தில் ஒரு குறை உண்டு: வீட்டுக்கு டைல்ஸ் பதிப்பவர் அதைத் தரை போடும் கூலி என்று நினைக்கலாம். ஆயினும் இணையக் கடை பற்றிய கையேட்டுக்குள் அந்த மயக்கம் வராது. ‘பங்கு’ என்ற சொல்தான் உறுத்துகிறது. பங்கு என்றால் இலாபத்தில் பங்கு என்று தோன்றும். இவர்கள் எடுப்பதோ மொத்த விற்பனையில். ஒயர் வாங்கின காசையும் இரண்டு நாள் கூலியையும் கழித்துப் பார்க்கிறார்களா என்ன? அதற்கு ‘விற்பனைக் கழிவு’ சரியா என்றால், இங்கே கழிவு என்றவுடன் கழிவுநீர்தான் நினைவுக்கு வரும். ‘கமிஷன்’ என்றே விட்டுவிடலாம். ஏலத்தில் அப்படித்தான் சொல்கிறோம், வகுப்பிலும் அப்படித்தான் சொல்வார்கள். ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடசொல்லை வடவெழுத்து நீக்கி ஏற்கலாம், என்று தொல்காப்பியர் திறந்த வாசல் இன்னும் சாத்தப்படவில்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து, பயிற்சியாளர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை அடிக்காசு, தளக் கட்டணம், தள உல்கு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, விளக்கம் ஏதும் சொல்லாமல் மாணவியரிடம் நீட்டினேன். அடிக்காசுக்கு எல்லோரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். தளக் கட்டணம் என்றதும் கேள்வி கேட்ட அந்த அம்மா, “அது ஆன்லைன்காரன் நம்மகிட்ட வாங்கறது” என்றார். உல்கை யாரும் படிக்க முயலவில்லை, ஒருவர் மட்டும் உலக்கையா என்று கேட்டார்.

ஆகவே பொதுத்தலைப்பு தளக் கட்டணம். உள்ளே அடிக்காசு, கமிஷன், பணம் மாற்றும் கட்டணம், விளம்பரக் கமிஷன். வரிப் பிடித்தம் தனிப் பக்கத்தில், ‘திரும்பக் கேட்கலாம்’ என்ற குறிப்போடு. கமிஷனுக்கு நேரே 18 விழுக்காட்டு வரி. பக்கம் இன்றிரவு அச்சகத்துக்குப் போகிறது.

திருவொற்றியூரிலிருந்து, மீண்டும்

அச்சுக்குப் போவதில் எனக்குத் தடையில்லை, கெடு பெரிது. ஆயினும் தமிழ்க் கையேட்டின் ஒரே பக்கத்தில் கமிஷன் இருமுறை இடம்பெறுவதற்கு நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். பேருந்து என்ற சொல்லையும் முதலில் யாரும் படித்தவுடன் அறிந்திருக்கவில்லை. அடுத்த பதிப்பு எப்போது என்று தெரிவியுங்கள். அதற்குள் அந்த இரண்டு இடங்களுக்கும் சொல் தேடி வைக்கிறேன். அடிக்காசு நாள்தோறும் வாங்குவது, இதுவோ நான்கு மாதத்துக்கு ஒருமுறை. அந்த வேறுபாட்டையும் அப்போது பேச வேண்டும்.